ஏழாம் நம்பருக்கு வலி இல்லை

விழுப்புரம்
5-6-1938

அக்காள் தையல்நாயகி அம்மாளுக்குத் தம்பி சின்னதுரை வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் ஒருவாறு க்ஷேமம். தங்கள் க்ஷேமத்துக்கும் மாமா க்ஷேமத்துக்கும் கடுதாசி போட வேண்டியது.

மதுரையிலிருந்து என்னை விழுப்புரம் ஜங்ஷன் பார்சல் ஆபீசுக்கு மாற்றி, மூட்டை முடிச்சோடு வந்து இறங்கி ஒரு மாதம் ஆகிறது. ரயில் ஏறினால் திண்டிவனம் எட்டிப் பிடிக்கிற தூரம்தான். உங்கள் ஆபரேஷனுக்கு முந்தி உங்களைப் பார்த்தது. இரண்டு வருஷம் ஓடிவிட்டது. வந்த மறுநாளே ஓடி வந்திருப்பேன். வராததற்குக் காரணம் என் சம்சாரம் காந்திமதி.

மாசியிலிருந்து அவளுக்கு இடது கன்னத்தில் பளிச் பளிச்சென்று வெட்டுகிறது. அரை நிமிஷம் இருக்கும், போய்விடும். ஆனால் அந்த அரை நிமிஷம் அவள் தூணைக் கட்டிக்கொண்டு நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. பல்வலி என்று மதுரையில் மூன்று நல்ல பல்லைப் பிடுங்கினான் ஒருவன். காற்றுப் பட்டால் வெட்டுகிறது, வாய் கொப்பளித்தால் வெட்டுகிறது, ஒரு வார்த்தை பேசினால் வெட்டுகிறது. முந்தானையால் முகத்தைச் சுற்றிக்கொண்டு ஊமையாய் உட்கார்ந்திருக்கிறாள். பிறகுதான் எனக்கு உறைத்தது. அடடா, இது அக்காளுக்கு வந்த அதே முகநரம்பு வலி அல்லவா!

பட்டணத்துக்கு அழைத்துப் போய் உங்கள் டாக்டர் பாண்டுரங்கனிடமே காட்டினேன். உங்கள் பெயரைச் சொன்னதும், “திண்டிவனம் தையல்நாயகியா? நம்ம ஏழாம் நம்பர்! பரிபூரண குணம்” என்று வாய் நிறையச் சிரித்தார். இந்த வலிக்கு நரம்பை அறுக்கும் ஆபரேஷனை இதுவரை பத்தொன்பது பேருக்குச் செய்திருக்கிறாராம். இருபது ஆனதும் ஆராய்ச்சியைப் புஸ்தகமாக அச்சடிக்கப் போகிறாராம். காந்திமதிதான் இருபதாவது. புரட்டாசியில் படுக்கை தருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்களுக்குக் கிடைத்த விமோசனம் அவளுக்கும் கிடைக்கப்போகிறது என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு வாரம் வந்து தங்கிப் போங்கள். காந்திமதி கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

தம்பி,
சின்னதுரை


திண்டிவனம்
30-6-1938

சிரஞ்சீவி தம்பி சின்னதுரைக்கு அக்காள் தையல்நாயகி அநேக ஆசீர்வாதம். இவ்விடம் நானும் உன் மாமாவும் சௌக்கியம். காந்திமதியின் தேக நிலை குறித்து விசாரம்.

கடுதாசி கிடைத்தது. பதில் எழுதச் சுணங்கியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. மாமாவின் மண்டியில் மல்லாட்டைக் கடலை மூட்டை வந்து இறங்கியபடி இருக்கிறது. கூலி ஆள் சாப்பாடு, அது இது என்று எனக்குக் கை ஒழியவில்லை.

காந்திமதிக்குக் கேப்பைக் கூழைத் தண்ணீராய்க் கரைத்து, சூடும் இல்லாமல் சில்லென்றும் இல்லாமல், வலது பக்கமாக ஊற்றிக் கொடு. பேச்சுக் கொடுக்காதே. தலைக்கு எண்ணெய் வைக்கிறேன் என்று யாரையும் முகத்தைத் தொடவிடாதே.

ஆபரேஷனுக்கு என்ன அவசரம்? புரட்டாசியில் யாராவது இப்படிப்பட்ட காரியத்தை வைப்பார்களா? தை பிறக்கட்டும், பார்க்கலாம். மண்டை விஷயம், விளையாட்டில்லை. நான் இப்போது அங்கே வருவதற்கில்லை.

அக்காள்,
தையல்நாயகி


விழுப்புரம்
8-7-1938

அக்காள் அவர்களுக்குச் சின்னதுரை வணக்கம். நான் க்ஷேமம். காந்திமதியை அப்படிச் சொல்ல முடியவில்லை.

தை வரைக்கும் பொறுப்பதா? அக்கா, உங்களுக்கு மறந்துவிட்டதா? நேற்று அவள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கையில் வெட்டு வந்து, கையிலிருந்த குண்டான் விழுந்து, குழம்பெல்லாம் என் மடியில். “என்னைக் கொன்னு போட்டுடுங்களேன்” என்று கேட்கிறாள். இவளிடம் போய் மாதம் நன்றாயில்லை என்று சொல்லட்டுமா?

உங்கள் பெயரைச் சொல்லித்தான் அவளைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். “அண்ணிக்குப் போச்சுதானே? நிஜமா போச்சுதானே?” என்று ஒரு நாளைக்கு நாலு தரமாவது கேட்கிறாள். தைரியமாக இருக்கும்படி உங்கள் கையால் அவளுக்கு இரண்டு வரி எழுதுங்கள்.

பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை எனக்கு ரஜா. பகல் வண்டியில் வந்து உங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன்.

சின்னதுரை


திண்டிவனம்
11-7-1938

சின்னதுரைக்கு ஆசீர்வாதம். சௌக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை வராதே. நாங்கள் மயிலம் கோவிலுக்குப் போகிறோம். அடுத்த ஞாயிறும் இருக்கமாட்டோம்.

டாக்டரிடம் ஒன்று கேள். நரம்பை அறுப்பதற்கு முந்தி அதில் ஸ்பிரிட் ஊசி போடுவது உண்டாம். அதைப் போடச் சொல். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

தையல்நாயகி


விழுப்புரம்
2-8-1938

அக்காள் அவர்களுக்கு வணக்கம். தாங்களும் மாமாவும் சௌக்கியமென்று நம்புகிறேன்.

நீங்கள் சொன்னபடி பட்டணம் போய் ஸ்பிரிட் ஊசியைப் பற்றிக் கேட்டேன். டாக்டர் முகம் சுருங்கிவிட்டது. “யாருங்க உங்களுக்கு இதெல்லாம் சொல்றது? அது பழைய வைத்தியம். ஒரு வருஷத்துல வலி திரும்பிடும். ஊசி போட்ட கேஸை நான் என் ஆராய்ச்சியில சேர்த்துக்கறதில்லை” என்றார். அப்புறம் அலமாரியைத் திறந்து ஒரு கடுதாசிக் கட்டை எடுத்து என் முன்னால் போட்டார். எல்லாம் நீங்கள் மாதாமாதம் அனுப்பிய கார்டு. இருபத்து மூன்று. நானே எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ‘வலி உண்டா’ என்று அச்சடித்த இடத்தில் உங்கள் முத்து முத்தான கையெழுத்தில் ‘இல்லை’. ‘இதர விசேஷம்’ என்கிற இடத்தில் ‘தங்கள் தயவால் பரம சௌக்கியம்.’ போன மாதக் கார்டிலும் அதேதான். “உங்க அக்காவைவிடவா உங்களுக்கு அத்தாட்சி வேணும்?” என்று அவர் கேட்டபோது எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள். கோபித்தாலும் பரவாயில்லை. டாக்டருக்குப் பரம சௌக்கியம், எனக்கு மட்டும் புரட்டாசி ஆகாது, ஞாயிற்றுக்கிழமை மயிலமா? காந்திமதிக்கு இரண்டு வரி எழுதக் கேட்டேனே, அது உங்கள் கையை விட்டு ஏன் வரவில்லை? உங்களுக்கு நடந்த நல்லது என் பெண்டாட்டிக்கு நடக்கக்கூடாதா? அவள் கல்யாணத்தில் சீர் குறைந்ததென்று பத்து வருஷத்துக்கு முன்னே மூக்கைச் சிந்தினீர்களே, அதையா இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

செப்டம்பர் இருபதாம் தேதி படுக்கை. அழைத்துப் போகிறேன்.

சின்னதுரை


திண்டிவனம்
6-8-1938

சின்னதுரைக்கு,

உன் கடுதாசியை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் உன்னைச் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது. சீராம், மூக்கைச் சிந்தினேனாம்! மூன்றாம் தரம் படித்தபோது என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. க்ஷேமமும் ஆசீர்வாதமும் இன்றைக்குக் கிடையாது.

எனக்கு வலது கண் போய்விட்டது. மேலிமையையும் கீழிமையையும் சேர்த்துத் தைத்திருக்கிறது. அதனால்தான் உன்னை வராதே என்றேன். மயிலமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒன்றரை வருஷமாக நான் தெருக்கோடி வரைக்கும் போனதில்லை.

டாக்டர் பாண்டுரங்கன் காதுக்கு மேலே துளை போட்டு முக நரம்பை அறுத்தார். வெட்டு வலி அன்றோடு போயிற்று. அதை மறைத்தால் என் நாக்கு அழுகிப்போகும். கண் விழித்து, வலி இல்லையென்று தெரிந்தபோது அவர் காலில் விழுந்து கும்பிட்டேன். தெய்வமே நேரில் வந்ததாகத்தான் நினைத்தேன். அப்போது பாதி முகம் மரத்திருந்தது. நாளாவட்டத்தில் சரியாகிவிடும் என்று நானாக எண்ணிக்கொண்டேன். சரியாகாது, இந்த ஜன்மத்துக்கு இப்படித்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. நரம்பை அறுத்தால் அறுத்ததுதானாம்!

கன்னத்தில் கேப்பைக் களி காய்ந்து அப்பிக்கொண்ட மாதிரி இருக்கும். வாயில் போட்ட சோறு வெளியே வழிந்தால் தெரியாது. மாமா எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று தெரியுமா? சுடுகஞ்சி குடித்து உதடு வெந்தது தெரியாது. ஒரு நாள் எறும்பு உதட்டைக் குதறி ரத்தம் சொட்டியதை வேலைக்காரி பொன்னி பார்த்துக் கத்தித்தான் தெரிந்தது. சரி, மரத்த இடம், வலியாவது இல்லையே என்கிறாயா? அந்த மரத்த கன்னத்துக்கு உள்ளே மிளகாயை அரைத்துப் பூசின மாதிரி எரிகிறதடா! தொட்டால் ஒன்றும் தெரியாது, தொடாமலே எரியும். பழைய வலி வெட்டும், போகும். இது போகிறதே இல்லை. இதற்கு என்ன பெயரோ, அந்தக் கார்டில் இதற்கு இடமில்லை. ‘வலி உண்டா’ என்றால் பழைய வலியைத்தானே கேட்கிறார்கள் என்று ‘இல்லை’ என எழுதினேன்.

மண்டியில் புழுதி பறந்து கண்ணில் தூசி விழுந்திருக்கிறது. உறுத்தினால்தானே கசக்குவோம்? உறுத்தவே இல்லை. நாலு நாள் கழித்துப் பொன்னிதான், “அம்மா, கண்ணு செக்கச்செவேல்னு கீதே” என்றாள். புதுச்சேரிக்கு ஓடினோம். அங்கிருந்த டாக்டர் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் கேட்டதுதான் என் வயிற்றில் இன்னும் கிடக்கிறது. “உங்களுக்கு முதலில் ஸ்பிரிட் ஊசி போட்டுக் காட்டவில்லையா?” என்று கேட்டார். அந்த ஊசி போட்டால் ஒரு வருஷம் முகம் மரத்திருக்குமாம், பிறகு தெளிந்துவிடுமாம். மரத்துப்போவது எப்படியிருக்கும் என்று நோயாளி பட்டுப் பார்த்து, இது தேவலை, அறுத்துக்கொள்ளலாம் என்று தானாகச் சொன்னால்தான் பிறகு அறுப்பது வழக்கமாம். எனக்கு ஏன் அதைச் செய்யவில்லை என்று இவ்வளவு நாளாய் எனக்கு விளங்கவில்லை. உன் கடுதாசி பார்த்துத்தான் விளங்கிற்று. ஊசி போட்டால் அவருடைய ஆராய்ச்சியில் சேராதாம்! அவருடைய இருபது சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக என் கண் போயிருக்கிறது! இந்த அக்கிரமத்தை எங்கே போய்ச் சொல்வது?

ஊசி போட்டுக் காட்டிய பிறகும் நான் அறுத்துக்கொள்ளத்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ. அந்த வெட்டு வலி அப்படிப்பட்டது. அப்படிச் சொல்லியிருந்தால் அது என் தலையெழுத்து. கேட்காமல் அல்லவா செய்தார்!

பின்னே ஏன் சௌக்கியம் என்று எழுதினாய் என்பாய். உயிர் கொடுத்த மனுஷனுக்குப் போய் அழுகிற கடுதாசி எழுதுவதா என்று எனக்குக் கை வரவில்லை. ஒரு தரம், கண் போன மாதம், உள்ளதை எழுத உட்கார்ந்தேன். மாமா பார்த்துவிட்டு, “கடுதாசின்னா சௌக்கியம்னுதான்டி ஆரம்பிக்கணும். அவரு நல்லது பண்ணவரு. அவரு வீட்டுக்கு அபசகுனமா எழுதி அனுப்பாதே” என்றார். எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. உனக்கும் நான் அப்படித்தானே எழுதினேன்? நம் வீட்டில் யார் வேறு மாதிரி எழுதியிருக்கிறோம்? நான் மரியாதைக்கு எழுதியதை எடுத்து அந்த ஆள் ஆராய்ச்சியில் ஏற்றுவான் என்று கண்டேனா? கார்டை வாங்கி வாங்கி அடுக்கிக்கொண்டே இருந்தாரே, இரண்டு வருஷத்தில் ஒரு தரம் நேரில் வரச்சொல்லி முகத்தைப் பார்த்தாரா? பார்த்திருந்தால் கார்டு எதற்கு?

என் கையெழுத்தைக் காட்டி உன்னை மடக்கினார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. இந்தக் கடுதாசி உனக்கில்லை. காந்திமதிக்குப் படித்துக் காட்டு. ஒரு வரி விடாமல் படி.

தையல்நாயகி


திண்டிவனம்
7-8-1938

டாக்டர் பாண்டுரங்கன் அவர்கள் சமூகத்துக்கு, தங்களிடம் 1936 ஆகஸ்டு மாதம் ஆபரேஷன் செய்துகொண்ட திண்டிவனம் தையல்நாயகி எழுதிக்கொள்வது.

தங்களிடமுள்ள என் கார்டுகள் இருபத்து மூன்றும் மரியாதை நிமித்தம் எழுதப்பட்டவை. அவற்றைக் கிழித்துப் போடவும். வெட்டு வலி நின்றது உண்மை. முகம் மரத்து, உள்ளே சதா எரிகிறது. வலது கண் போய்விட்டது. கண்ணைத் தைத்த புதுச்சேரி டாக்டரின் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

என் தம்பி மனைவி காந்திமதிக்கு முதலில் ஸ்பிரிட் ஊசி போட்டு, மரத்துப்போவது என்னவென்று காட்டி, அவள் சம்மதத்தைக் கேட்ட பிறகே கத்தியை எடுக்க வேண்டும். மற்றப் பதினெட்டுப் பேரையும் நேரில் அழைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர்களும் என்னைப் போல் எழுதியிருக்கக்கூடும்.

தையல்நாயகி


சென்னை
27-8-1938

ஸ்ரீமதி தையல்நாயகி அம்மாளுக்கு.

தங்கள் கடிதம் டாக்டர் அவர்களால் பார்வையிடப்பட்டது. அவர்கள் உத்தரவின்படி எழுதுவது:

தங்கள் சொந்தக் கையெழுத்தில் இருபத்து மூன்று மாதங்கள் தொடர்ச்சியாக வலி இல்லை என்று தெரிவித்திருக்கிறீர்கள். ஆராய்ச்சியில் ஒரு முறை பதிவான தகவலை, நோயாளியின் பிற்கால மனநிலையை உத்தேசித்து மாற்றுவதற்கில்லை. ஸ்திரீகளுக்கு இந்த வயதில் எரிச்சல், மனச்சஞ்சலம் முதலியவை சகஜம். மரத்துப்போதலும் எரிச்சலும் வலி என்ற தலைப்பின்கீழ் வராது. கண் உபாதைக்கு வீட்டார் கவனக்குறைவே காரணம்.

ஊசி போட்ட நரம்பில் ஆபரேஷனின் பலனைச் சரிவர நிர்ணயிக்க இயலாதாகையால் தங்கள் யோசனையை ஏற்பதற்கில்லை. தங்கள் சகோதரருக்குத் தனியே எழுதியிருக்கிறோம்.

ஆகஸ்டு மாதக் கார்டு இதுவரை வந்து சேரவில்லை. தங்களுக்குக் கொடுத்த இருபத்து நான்கில் அதுவே கடைசி. உடனே பூர்த்தி செய்து அனுப்பவும்.

டாக்டருக்காக,
குமாஸ்தா


விழுப்புரம்
5-9-1938

அக்கா,

வணக்கம் எழுதவும் எனக்கு யோக்கியதை இல்லை.

உங்கள் கடுதாசியைக் காந்திமதிக்குப் படித்தேன். அவள் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நான் உங்களை நம்பினேனா? பாதி நம்பினேன். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டாக்டர் எனக்கு எழுதிய கடுதாசி அப்படி இருந்தது. ‘தமக்கையார் மனக்கோளாறினால் பிதற்றுகிறார். சந்தேகமிருந்தால் உங்களூருக்குப் பக்கத்திலேயே கோலியனூரில் பதினோராம் நம்பர் பூமாலை என்பவள் இருக்கிறாள். ஏழைக் கூலிக்காரி, பொய் சொல்ல அவசியமில்லாதவள். மாதம் ஒன்றாம் தேதி தவறாமல் அவள் கார்டு வருகிறது. அவளைப் போய்க் கேளுங்கள்’ என்று எழுதியிருந்தார். அவ்வளவு தைரியமாக ஒருவர் போய்க் கேள் என்று சொன்னால் என்ன நினைப்பது? நேற்று ஜட்கா பிடித்துக் கோலியனூர் போனேன்.

சேரியில் கிறிஸ்தவர்கள் இருக்கிற வேதக்காரத் தெரு என்று ஒன்று. அங்கே மாசிலாமணி என்று ஒருவர், பூமாலையின் புருஷன். வயலிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். பூமாலையைப் பார்க்க வேண்டும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பூமாலை இல்லீங்களே.”

“எப்ப வருவாங்க?”

“அவ செத்துப்பூட்டாங்க, ஐயா. போன வருஷம் ஆடியில.”

“முந்தாநாள் கார்டு வந்திருக்குமே? ஒண்ணாந்தேதி கார்டு?” என்று உளறினேன்.

“ஆமாங்க. நான்தான் போட்டேன்” என்றார். ஏதோ தப்புச் செய்து பிடிபட்ட மாதிரி தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “அவளுக்கு எழுத்து வராது. மொதல்லேர்ந்தே நான்தான் எழுதிக்கினு இருந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்துல மூணாவது படிச்சிருக்கேன்.”

ஆபரேஷன் ஆன பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன். “வெட்டுறது நின்னுச்சுங்க. ஆனா கன்னத்துல எறும்பு ஊருது, எறும்பு ஊருதுன்னு சொரிஞ்சிக்கினே இருப்பா. ஒரு எறும்பும் இருக்காது. ரத்தம் வந்தாலும் அவளுக்குத் தெரியாது. கையைக் கட்டிக்கூடப் போட்டேன். புண்ணாச்சு, மூக்கு வரைக்கும் பொரையோடிச்சு, காய்ச்சல் கண்டுச்சு. பட்டணத்துக்கு இட்டுக்கினு போக ஜல்தியா வண்டி கெடைக்கல” என்றார்.

“செத்த பிறகும் எதுக்குய்யா கார்டு போட்டே?” என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது.

“கத்தாதீங்க, ஐயா. கார்டுக் கட்டைக் கையில குடுக்கும்போதே அங்க இருந்த கம்பவுண்டரு என்ன சொன்னாரு தெரியுமா? மாசம் ஒண்ணாந்தேதி கார்டு வரலேன்னா உங்க பக்கத்து ஆளுங்க ஒருத்தரையும் இனிமே டாக்டரு தொடமாட்டாருன்னாரு. இந்தத் தெருவுல இன்னும் ரெண்டு பேரு அவரு தயவுல மருந்து வாங்கிக்கினு இருக்காங்க. நான் நிறுத்துனா அவங்க கதி? வலி உண்டான்னு கேட்டிருக்கு, இல்லேன்னு போடுறேன். அவளுக்கு இல்லதானே?” என்றார்.

பிறகு உள்ளே போய்ப் பைபிளுக்குள்ளிருந்து மீதி நாலு கார்டை எடுத்து வந்து, “இது முடிஞ்சா அப்புறம் என்ன பண்றதுன்னு ரோசிச்சிக்கினு இருந்தேன்” என்றார். கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த இரண்டு பேரின் மருந்துக்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

செத்துப் பதினாலு மாதமான மனுஷி, அக்கா! அந்தப் பெரிய மனுஷன் அவளைப் போய்க் கேள் என்று எனக்கு எழுதுகிறான். அவனுக்கே தெரியாது! ஒரு நாள், ஒரே ஒரு நாள், ரயில் ஏறி வந்து எட்டிப் பார்க்க முடியாதவன் வலியை ஆராய்ச்சி செய்கிறானாம்!

காந்திமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தானே பட்டணம் வந்து டாக்டரைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

என்னை மன்னித்துவிடுங்கள்.

சின்னதுரை


புதுச்சேரி
2-10-1938

அண்ணிக்குக் காந்திமதி வணக்கம்.

நான் உங்களுக்குக் கடுதாசி எழுதியதில்லை. அவர் எழுதும்போது கடைசியில், காந்திமதி கேட்டதாகச் சொன்னாள் என்று ஒரு வரி போடுவார். பாதி நேரம் நான் கேட்டிருக்கக்கூட மாட்டேன். இது நானே எழுதுகிறேன்.

செப்டம்பர் இருபதாம் தேதி எனக்கென்று வைத்த படுக்கையில் போய் உட்கார்ந்தேன். டாக்டர் நாலைந்து சின்ன டாக்டர்களோடு வந்தார். “இதுதான் இருபதாவது” என்று என்னைக் காட்டி அவர்களுக்கு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். வாயைத் திறந்தால் வெட்டும். வெட்டட்டும் என்று திறந்தேன். “சார், பதினோராம் நம்பர் செத்துப்பூட்டாங்க” என்றேன். வெட்டியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அது நிற்கும்வரை எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு உங்கள் தம்பி எடுத்துச் சொன்னார், மாசிலாமணி கொடுத்த நாலு கார்டையும் கட்டில்மேல் வைத்தார்.

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. நான் பொய் சொல்ல மாட்டேன், அவர் உண்மையில் பயந்துதான் போனார். நோட்டுப் புஸ்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, பதினொன்றைச் சிவப்புப் பென்சிலால் அடித்து, ‘இதர காரணத்தால் மரணம்’ என்று எழுதினார். இதர காரணமாம்! புண் அந்தக் கன்னத்தில்தானே வந்தது? கேட்டேன். பென்சிலைக் கீழே வைத்தார். “ஏழாம் நம்பரை அடிக்கலியா?” என்று கேட்டேன்.

“அந்தம்மாவுக்கு வலி இல்லேம்மா. அவங்களே எழுதியிருக்காங்க” என்றார்.

அண்ணி, அந்த நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரத்தில் வெட்டு வலி வந்ததா வரவில்லையா என்றுகூட நினைவில்லை. “அந்த ஸ்பிரிட் ஊசியை உங்க கன்னத்துல ஒரு தடவை போட்டுக்கினு, நாலு பேர் எதிர்ல உக்காந்து சோறு தின்னு பாருங்க சார். அப்பறமா அச்சடிங்க புஸ்தகத்தை” என்றேன். ஒரு சின்ன டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். என் துணிமணியை நானே சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இருபதாவதுக்கு அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். அது யாரோ, எந்த ஊரோ, அவளுக்கு யார் போய்ச் சொல்வது?

அங்கிருந்து நேரே புதுச்சேரி வந்து உங்கள் கண்ணைத் தைத்த டாக்டரைப் பார்த்தோம். அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் எனக்கு ஸ்பிரிட் ஊசி போட்டார். போடுவதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, என்னென்ன ஆகும், எவ்வளவு நாளிருக்கும் என்று சொன்னார். கண்ணைக் கண்ணாடியில் காலையும் மாலையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

இன்றைக்கு எட்டாம் நாள். வெட்டு நின்றுவிட்டது. ஏழு மாதத்துக்குப் பிறகு நானும் வாய் நிறையப் பேசினேன், உங்கள் தம்பிக்கே அலுத்துவிட்டது. ஆனால் முதல் நாள் சோறு தின்கையில் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஐயையோ, ரத்தம்” என்று எழுந்துவிட்டார். என் உதட்டை நானே மென்றுகொண்டிருந்திருக்கிறேன். எனக்குச் சோறும் ஒன்றாய்த்தான் இருந்தது, உதடும் ஒன்றாய்த்தான் இருந்தது. அன்றைக்கு இலையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

ஒரு வருஷத்தில் இது தெளிந்துவிடுமாம். வலியும் திரும்பி வருமாம். அப்போது மறுபடியும் ஊசியா, அறுப்பதா, சும்மா இருப்பதா என்று நீயே சொல்லு என்கிறார் டாக்டர். என்ன சொல்லுவேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெளிந்துவிடும் என்று தெரிந்தும் இந்த எட்டு நாளை நான் விரல் விட்டு எண்ணித்தான் தள்ளினேன். உங்களுக்கு எண்ணுவதற்கு ஒரு நாளும் வைக்காமல் அனுப்பினார்களே என்று நேற்று நினைத்துக்கொண்டேன், அழுகை வந்துவிட்டது. வலது கன்னத்தில் வழிந்தது தெரிந்தது, துடைத்துக்கொண்டேன். இடது கன்னத்தில் வழிந்தது எனக்குத் தெரியாது. தோளில் ரவிக்கை நனைந்திருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

காந்திமதி